கேள்வி - பதில்: லூலுவோட காதைத் தொடாதீங்க!

போன இதழ்ல 2022-ல வந்த 'டாக்'னு ஒரு இங்கிலீஷ் படத்தைப் பத்தி பக்கத்தோட மூலையில ஒரு அஞ்சு வரி எழுதினேன், அவ்வளவுதான். அதுக்கு வந்து குவிஞ்சிருக்கிற கேள்விங்களைப் பார்த்தா, வழக்கமா நம்ம பக்கத்துக்கு வர்ற "அந்த ஹீரோவோட அடுத்த படம் என்ன" டைப் கேள்வி எல்லாம் இந்த வாரம் லீவு எடுத்துக்கிட்டா பரவாயில்லைன்னு தோணிடுச்சு. அதனால மொத்தப் பக்கமும் அந்தப் படத்துக்குத்தான். கோவிச்சுக்காதீங்க.

சார், நாய் செத்துடுமா? அதை மட்டும் சொல்லிடுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்.
- ஒரு வாசகி, காரைக்குடி

சாகாது. நிம்மதியா பாருங்க.

சஸ்பென்ஸை உடைச்சிட்டேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. நாய் வர்ற படம்னாலே எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான், இந்தப் படத்துல நாய் சாகுமா சாகாதான்னு சொல்றதுக்குன்னே ஒரு வெப்சைட் நடத்துறாங்கன்னா பாருங்க. இதே 2022-ல வந்த கன்னடப் படம் '777 சார்லி'யைப் பார்த்துட்டு எங்க வீட்ல ரெண்டு நாள் யாரும் சரியா சாப்பிடல. இதுல அந்த வேலை இல்ல. இங்க செத்துப்போறது மனுஷன்தான், அதுவும் படம் ஆரம்பிக்கும்போதே.

நீங்க எழுதின அஞ்சு வரியில கதையே இல்லையே அண்ணா, கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.
- ஓசூர் வாசகர்

பிரிக்ஸ்னு ஒருத்தன். அமெரிக்க ராணுவத்துல ரேஞ்சரா, அதாவது அதிரடிப்படை வீரனா இருந்தவன். தலையில அடிபட்டதால வெளிய அனுப்பிட்டாங்க. இப்ப ஒரு சாண்ட்விச் கடையில கவுண்டர்ல நிக்கிறான். திரும்பவும் வேலைக்குப் போகணும், எங்கயாவது வெளிநாட்டுல பாதுகாப்பு டியூட்டி கிடைச்சாலும் போதும்னு பழைய கேப்டனுக்கு போன் மேல போன் போடுறான். அந்த நேரம் பார்த்து அவன் கூட வேலை பார்த்த ரோட்ரிகஸ்ங்கிறவர் காரை வேகமா ஓட்டிட்டுப் போய் மரத்துல மோதி செத்துடுறார். விபத்தா, வேணும்னே பண்ணதான்னு யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

ரோட்ரிகஸோட போர்ல இருந்த நாய்தான் லூலு. பெல்ஜியன் மாலினாய் ஜாதி. அவரோட குடும்பம் அரிசோனால மெக்ஸிகோ பார்டர் பக்கம் நோகாலஸ்ங்கிற ஊர்ல இருக்கு, இறுதிச்சடங்குக்கு லூலு வரணும்னு கேக்குறாங்க. ஆனா அது பிளேன்ல ஏறாது, பக்கத்துல போனாலே கடிக்க வருது. வாஷிங்டன் மாநிலத்துல இருக்கிற கேம்ப்ல இருந்து கார்லயே கூட்டிட்டுப் போ, சடங்கு முடிஞ்சதும் ஒயிட் சாண்ட்ஸ் ராணுவத் தளத்துல ஒப்படைச்சிடு, அங்க ஊசி போட்டு சாகடிச்சிடுவாங்க, இதைச் செஞ்சா உன் வேலைக்கு சிபாரிசு பண்றேன்னு கேப்டன் சொல்றார். பழைய ஃபோர்ட் ப்ரான்கோ வண்டி, பின்னாடி கூண்டுல நாய், அமெரிக்காவோட மேற்குக் கரை முழுக்க மேல இருந்து கீழ வரைக்கும் பயணம். இவ்வளவுதான் கதை. கேட்டா சாதாரணமா இருக்குல்ல? எனக்கும் போஸ்டரைப் பார்த்தப்ப அப்படித்தான் இருந்துச்சு.

சானிங் டேட்டம் படம்ங்கிறீங்க, சட்டையைக் கழட்டுறாரா இல்லையா?
- கல்லூரி மாணவி, கோவை

ரொம்ப முக்கியமான கேள்வி. அதுக்காக டிக்கெட் எடுத்தீங்கன்னா காசு திரும்பக் கேக்க வேண்டியிருக்கும், இந்தப் படத்துல அவரை விட நாய்க்குத்தான் நல்ல க்ளோசப் எல்லாம். அவரே டைரக்டர் வேற, கூட ரீட் கேரலின்னு அவரோட ரொம்ப நாள் பார்ட்னர், ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் டைரக்‌ஷன். 2017-க்கு அப்புறம் அஞ்சு வருஷம் ஹீரோவா தலை காட்டாத மனுஷன் திரும்பி வந்த படம். 15 மில்லியன் டாலர்ல எடுத்து 85 மில்லியன் கிட்ட வசூல்.

இது உண்மைக் கதையா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

கதை கற்பனை. ஆனா எங்க இருந்து வந்துச்சுங்கிறது உண்மை. டேட்டமும் கேரலினும் 2017-ல எச்.பி.ஓ. சேனலுக்கு 'வார் டாக்'னு ஒரு டாகுமெண்டரி தயாரிச்சாங்க, ராணுவ நாய்ங்களும் அதுங்களை நடத்துற வீரர்களும் எப்படி ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு. அதுக்கப்புறம் 2018-ல டேட்டம் வளர்த்த நாய் நோய்ல போயிடுச்சு. அது பேரும் லூலுதான். படத்துல லூலுவா நடிச்சது ஒரு நாய் இல்ல, மூணு. ப்ரிட்டா, லானா 5, ஜூஸா. லானா பேருக்குப் பின்னாடி அந்த அஞ்சு எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க.

எங்கப்பா ராணுவத்துல இருந்தவர். போர்ல மனசு உடைஞ்சு வந்தவங்களை வச்சு காமெடி பண்றது எனக்கு சரியாப் படல. அதை நீங்க வேற பாராட்டி எழுதியிருக்கீங்க. வருத்தமா இருக்கு.
- ஒரு வாசகி, வேலூர்

உங்க கடிதத்தைப் படிச்சிட்டு உடனே பதில் எழுத முடியல. ரெண்டு நாள் வச்சிருந்துதான் எழுதுறேன். கொஞ்சம் என் வீட்டுக் கதையைச் சொல்லிடுறேன், அப்புறம் படத்துக்கு வர்றேன்.

என் சித்தப்பா ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். 87-ல இலங்கைக்குப் போன அமைதிப்படையில அவரும் போனார். திரும்பி வந்து அங்க நடந்ததைப் பத்தி அவர் சொன்னது எல்லாமே சிரிப்புக் கதைங்கதான். சமையல்காரர் ரெண்டு தடவை உப்பு போட்ட பருப்பு, பூட்ஸுக்குள்ள புகுந்த தேளு, ஒரு சுபேதாருக்கு வந்த காதல் கடிதம் வேற ஒருத்தர் கையில போய்ச் சேர்ந்தது, இப்படி. நாங்க பசங்க எல்லாம் அவரைச் சுத்தி உக்காந்துக்குவோம். ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பு வரும்போது யாரோ பத்தாயிரம் வாலா சரத்தைக் கொளுத்தி விட்டாங்க. திரும்பிப் பார்த்தா சித்தப்பாவைக் காணோம். தாம்பூலத் தட்டு வச்சிருந்த மேசைக்கு அடியில இருந்தார். சத்தம் நின்னதும் வெளிய வந்து, "வெத்தலை கீழ விழுந்துடுச்சுடா, எடுத்தேன்"னார். எல்லாரும் சிரிச்சோம். அவரும் சிரிச்சார். கையில ஒரு வெத்தலை இருந்துச்சு, அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அப்ப பதினாலு வயசு, நான்தான் அதை ஸ்கூல்ல போய் நடிச்சுக் காட்டினேன், ரொம்ப வருஷம் எங்க குடும்பத்துல அது ஒரு ஜோக்காவே ஓடுச்சு.

அவர் போனதுக்கு அப்புறம் சித்தி சொல்லித்தான் தெரியும், அவர் தினமும் ராத்திரி மூணு தடவை எழுந்து கொல்லைக் கதவு தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துட்டு வந்து படுப்பாராம்.

இந்தப் படத்துல பிரிக்ஸ் பண்றதும் அந்த வெத்தலை வேலைதான். வாய் ஓயாம பேசுவான், நாய்கிட்டயே நக்கல் அடிப்பான், பார்ல போய் பொண்ணுங்ககிட்ட வழிஞ்சு மூக்குடைபடுவான். நாம சிரிப்போம். ஆனா கேமரா அவன் பேசி முடிச்சதும் கட் பண்ணாம இன்னும் ரெண்டு செகண்ட் அவன் மூஞ்சியிலயே நிக்கும். அந்த ரெண்டு செகண்டுல அவன் வண்டியில தனியா உக்காந்திருக்கிற ஒரு ஆளு, மாத்திரை போடணும், காதுல ஏதோ சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு, பேச ஆள் இல்ல. சிரிச்சவங்களுக்குத்தான் அந்த ரெண்டு செகண்ட் சுருக்குன்னு குத்தும். ஆரம்பத்துல இருந்தே சோக வயலின் வாசிச்சிருந்தா நாம பாவம்னு சொல்லி ஒரு உச்சு கொட்டிட்டு பாப்கார்ன் வாங்கப் போயிருப்போம்.

யாரைப் பார்த்து சிரிக்கிறோம்ங்கிறதுதான் கேள்வின்னா, அவனோட வலியைப் பார்த்து படம் எங்கயும் சிரிக்கல. வலியை மறைக்க அவன் படுற பாட்டைப் பார்த்துத்தான் சிரிக்குது. நான் அன்னைக்கு பண்ணது முதல் ரகம். அதனாலதான் இந்த வித்தியாசம் எனக்குப் பெருசா தெரியுதோ என்னவோ. உங்களுக்கு இது போதாத பதிலா இருந்தா திரும்ப எழுதுங்க, போடுறேன்.

தலைப்பு வச்ச மாதிரி, நாயோட காதைத் தொடக்கூடாதுன்னு படத்துல வருதே, அது என்ன?
- ஓர் ஆசிரியர், தஞ்சாவூர்

நாயை ஒப்படைக்கும்போதே எச்சரிக்கிறாங்க. வாய்க்கூடு கழட்டாதே, காதைத் தொடாதே. கூடவே ரோட்ரிகஸ் ஒட்டி ஒட்டி வச்சிருந்த ஒரு நோட்டும் வருது, போட்டோ, பதக்கம், கிறுக்கல் எல்லாம் இருக்கும். அமெரிக்க ராணுவத்துல அவங்கவங்க சான்றிதழ் எல்லாம் சேர்த்து வைக்கிற ஃபைலுக்கு கேலியா 'ஐ லவ் மீ' புக்குன்னு பேரு, ரோட்ரிகஸ் நாய்க்கு ஒண்ணு போட்டு வச்சிருக்கார். படத்தோட டைட்டிலே அந்தப் பக்கங்கள் மேலதான் ஓடும், லேட்டா போய் உக்காந்துடாதீங்க.

எனக்கு இந்த இடம்தான் படத்துலயே பிடிச்ச இடம், ஏன்னா லூலுவுக்கு எது பயம், எதைத் தொட்டா கடிக்கும், எப்படி சமாதானம் பண்ணணும்னு எழுதி வைக்க ஒரு ஆள் இருந்திருக்கார், ஆனா அந்த ஆளுக்கு அப்படி ஒரு நோட்டு யாரும் எழுதல, பிரிக்ஸுக்கும் இல்ல. இவனோட காது எதுன்னு இவனுக்கே தெரியாது. சாண்ட்விச் கடையில நிக்கிற கஸ்டமருக்கு எப்படித் தெரியும்? படம் இதை வசனமா சொல்லவே இல்ல, நானா எடுத்துக்கிட்டதுதான், ஆனா ரெண்டாவது தடவை பார்த்தப்ப சீன் சீனா இது தெரிஞ்சுது. லாஸ் ஏஞ்சலஸ்ல நோவான்னு இன்னொரு பழைய ரேஞ்சர் வர்றார் (ஈதன் சப்ளி, நம்ம ஆளுங்களுக்கு மூஞ்சி தெரிஞ்சிருக்கும்), லூலுவோட கூடப்பிறந்த நாய் நூக்கை அவர்தான் வச்சிருக்கார். அதுவும் இதே மாதிரி வெறி பிடிச்ச நிலைமையில வந்ததுதான், இப்ப சோஃபால கால் நீட்டிப் படுத்திருக்கு. எப்படி சரி பண்ணீங்கன்னு பிரிக்ஸ் கேக்குறது நாயைப் பத்தி. நோவா சொல்ற பதில்ல பாதி அவரைப் பத்தி.

நாய்க்கு எல்லாம் போர் பயம், மன அழுத்தம்னு வருமா? சினிமாவுக்காக சேர்த்தது தானே?
- வாசகர், சிவகாசி

வரும். டெக்சாஸ்ல சான் அன்டோனியோ பக்கம் லேக்லேண்ட் விமானப்படைத் தளத்துலதான் அமெரிக்க ராணுவ நாய்ங்களுக்கு ட்ரெயினிங், ஆஸ்பத்திரி எல்லாம். ஈராக், ஆப்கானிஸ்தான் போயிட்டு வந்த நாய்ங்களைப் பார்த்த அங்க இருக்கிற டாக்டருங்க 2011 வாக்குல இதுக்கு 'கேனைன் பி.டி.எஸ்.டி.'ன்னு பேர் வச்சாங்க, அதாவது போர் மாதிரி பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம துரத்துற மனப் பாதிப்பு, நாய்க்கு வர்றது. அப்ப டியூட்டியில இருந்த சுமார் 650 நாய்ல நூத்துக்கு அஞ்சுக்கு மேல இப்படி இருந்துச்சாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, சிலது சிடுசிடுன்னு ஆயிடும், சிலது ஆளையே ஒட்டிக்கிட்டு விடாது, சிலது நூறு தடவை போய் வந்த கட்டடத்துக்குள்ள நுழைய மாட்டேன்னு அடம் பிடிக்கும். குண்டைத் தேட வேண்டிய நாய் வேலையே செய்யலைன்னா கூட வர்றவங்க உயிர் போயிடும், அதனால ராணுவத்துக்கு இது செல்லம் கொஞ்சுற விஷயம் இல்ல. மனுஷங்களுக்குக் கொடுக்கிற பதற்றம் குறைக்கிற மாத்திரையையே சிலதுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க.

மனுஷனுக்கு வர்றதுக்குப் பேர் வைக்கவே அவங்களுக்கு எவ்வளவு நாள் ஆச்சு பாருங்க. முதல் உலகப் போர்ல 'ஷெல் ஷாக்'ன்னாங்க, ரெண்டாவதுல 'காம்பேட் ஃபட்டீக்', அதாவது ஏதோ அசதின்னு. பி.டி.எஸ்.டி.ங்கிற பேரு அமெரிக்க மனநல மருத்துவர்களோட அதிகாரப்பூர்வ கையேட்டுல ஏறினது 1980-ல. வியட்நாம் போர் முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சு.

அந்த வியட்நாம்ல சுமார் 4,000 நாய் வேலை பார்த்துச்சு. திரும்பிக் கூட்டிட்டு வந்தது ரொம்ப சொற்பம். ஏன்னா ரெஜிஸ்டர்ல நாய்ங்கிறது ஜீப், கூடாரம் மாதிரி ஒரு தளவாடம். உபரியா? விட்டுட்டு வா, இல்லை ஊசி போடு. 2000-ல ராபிங்கிற ஒரு நாயை அதோட ஹேண்ட்லர், அதாவது அதை வச்சு வேலை வாங்கின வீரர், தத்து எடுக்கக் கேட்டு நடையா நடந்தப்பதான் பார்லிமெண்ட் வரைக்கும் விஷயம் போச்சு, க்ளிண்டன் கையெழுத்துப் போட்டு 'ராபி சட்டம்' வந்துச்சு, ரிட்டயர் ஆன நாயை வீட்டுக்குக் கொண்டு போகலாம்னு. சட்டம் வந்துச்சு, ராபிக்குத்தான் உதவல. அதையும் ஊசி போட்டுட்டாங்க. அப்புறம் எதுக்கு லூலுவுக்கு ஊசின்னு கேப்பீங்க. கடிக்கிற நாயை யாருக்கும் தத்து கொடுக்க முடியாது, அந்த ஓட்டையிலதான் கதையே நிக்குது.

சான் ஃபிரான்சிஸ்கோ ஹோட்டல் சீன் எனக்கு உறுத்தலா இருந்துச்சு. நீங்க அதைப் பத்தி எழுதாம விட்டது ஏன்?
- வாசகர், கீழக்கரை

நியாயமான கேள்வி, போன தடவை விட்டது என் தப்புதான். பார்க்காதவங்களுக்கு: ஓசியில நல்ல ரூம் கிடைக்கணும்னு பிரிக்ஸ் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு கண்ணு தெரியாத முன்னாள் வீரர் மாதிரி நடிக்கிறான், லூலு அவனுக்கு வழிகாட்டுற நாய். அது வரைக்கும் செம காமெடி, அந்த பாத்டப், மெத்தை எல்லாம். அடுத்து லாபியில அரபு உடுப்புல ஒருத்தர் வர்றார், லூலு அவர் மேல பாயுது. அப்படிப் பாயத்தான் அதுக்குப் பழக்கியிருக்காங்க, உடுப்பைப் பார்த்ததும் எதிரின்னு. அவர் ஒரு டாக்டர்.

எழுதும்போதே இது நல்ல சீனா வந்திருக்கும், ஏன்னா நாயோட பயிற்சியில இருக்கிற விஷம் யாருதுன்னு கேக்க வச்ச இடம் அது. ஆனா படம் அந்த டாக்டர் பக்கம் போய் ரெண்டு நிமிஷம் கூட உக்காரல. பிரிக்ஸ் லாக்கப்புக்குப் போறான், அங்க பில் பர் போலீஸ்காரரா வந்து வாயடிச்சு நாம திரும்ப சிரிக்க ஆரம்பிச்சிடுறோம். பாதிக்கப்பட்டவர் கதை நகர்றதுக்கு ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். இன்னும் சொல்லணும்னா ரேஞ்சர்ங்க எந்த ஊர்ல என்ன பண்ணிட்டு வந்தாங்க, அந்த ஊர் ஜனங்க ராத்திரி தூங்குறாங்களாங்கிற கேள்வி படத்துல மருந்துக்கும் இல்ல. அமெரிக்கப் போர்ப் படங்கள்ல பாதிக்கு மேல இதே கதைதான், போன ஊர்ல விழுந்த பிணம் கணக்குல வராது, வந்தவனோட கண்ணீர் மட்டும் வரும். படம் எனக்குப் பிடிக்கும். இந்தக் குறையும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

இதே மாதிரி சிரிக்கவும் வச்சு அழவும் வைக்கிற, போர்ல இருந்து திரும்பினவங்க படம் வேற இருந்தா லிஸ்ட் போடுங்க ப்ரோ.
- இன்ஜினியரிங் மாணவர், திருச்சி

லிஸ்ட் போட்டா நீங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிட்டு ஒண்ணும் பார்க்க மாட்டீங்க, அதனால மூணே மூணு சொல்றேன்.

ரொம்பப் பழசுல இருந்து ஆரம்பிக்கிறேன், 'ஹீரோஸ்', 1977. ஹென்றி விங்க்லர் வியட்நாம் போயிட்டு வந்தவர், நியூயார்க் மனநல வார்டுல இருந்து தப்பிச்சு பஸ் ஏறுறார். எதுக்கு? கலிஃபோர்னியால மண்புழுப் பண்ணை வைக்க. கூட இருந்த பழைய நண்பர்களை வழியில சேர்த்துக்கணும்னு பிளான். பஸ்ல சாலி ஃபீல்ட் மாட்டுறாங்க, அங்க இருந்து லூட்டிதான், நடுவுல ஒரு நண்பரா ஹாரிஸன் ஃபோர்ட் வர்றார், அதே வருஷம் ஸ்டார் வார்ஸ்ல பறந்தவர் இதுல மிஸ்ஸௌரில கார் ரேஸ் ஓட்டிக்கிட்டு அரைகுறையா வாழுற ஆளு. கடைசி நண்பனோட வீட்டு வாசல்ல போய் நிக்கும்போதுதான் இந்தப் புழுப் பண்ணைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு வெடிக்கும். படம் நடுவுல தொய்வுதான், ஒத்துக்கிறேன். ஆனா பி.டி.எஸ்.டி.ங்கிற பேரு கையேட்டுல ஏறுறதுக்கு மூணு வருஷம் முன்னாடி இதை எடுத்திருக்காங்க, பேரே தெரியாம அந்த நோயைக் காட்டியிருக்காங்க.

ரெண்டாவது, 'லாஸ்ட் ஃப்ளாக் ஃப்ளையிங்', 2017, ரிச்சர்ட் லிங்க்லேட்டர். வியட்நாம் போருக்குப் போயிட்டு வந்த மூணு அமெரிக்கக் கிழவனுங்க. ஒருத்தரோட பையன் 2003-ல ஈராக்ல செத்துட்டான், அரசு மரியாதையோட ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில புதைக்க வேண்டாம், நான் ஊருக்கே கொண்டு போறேன்னு அப்பா சொல்லிடுறார். ஸ்டீவ் கேரல் அந்த அப்பா, பிரையன் க்ரான்ஸ்டன் குடிகார நண்பர், லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் பாதிரியாரா மாறின நண்பர். ரயில்ல சவப்பெட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இந்த மூணு பேரும் வாலிப வயசுல பண்ண கூத்தைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாங்க பாருங்க, அந்த அப்பா சிரிச்சே ரொம்ப நாள் ஆச்சுன்னு அந்த சிரிப்பைக் கேட்டாலே தெரியும். நம்ம ஊர் எழவு வீட்டுத் திண்ணையில ராத்திரி ரெண்டு மணிக்கு நடக்குமே, அந்த சிரிப்பு.

மூணாவது, 'மை டெட் ஃப்ரெண்ட் ஸோயி', 2024-ல விழாவுல காட்டி 2025-ல தியேட்டருக்கு வந்தது. எழுதி எடுத்தவர் கைல் ஹவுஸ்மன் ஸ்டோக்ஸ், அவரே ஈராக் போயிட்டு வந்த வீரர். இதுல பெண் வீராங்கனைங்க. மெரிட்ங்கிறவதான் ஹீரோயின், ஆப்கானிஸ்தான்ல கூட இருந்த தோழி ஸோயி செத்துட்டா, ஆனா மெரிட் எங்க போனாலும் கூடவே வந்து நக்கலடிச்சிக்கிட்டே இருக்கா, மத்த யார் கண்ணுக்கும் தெரிய மாட்டா. மார்கன் ஃப்ரீமன் நடத்துற கவுன்சலிங் குரூப்ல மெரிட் வாயே திறக்க மாட்டா, பக்கத்துல ஸோயி உக்காந்து ஒவ்வொருத்தரையும் ஓட்டிக்கிட்டு இருப்பா. ஸோயி எப்படி செத்தாங்கிறதை படம் கடைசி வரைக்கும் கையில மூடி வச்சிருக்கு. நானும் சொல்லல. இந்த மூணுல ஒண்ணுதான் பார்க்க நேரம்னா இதைப் பாருங்க.

'ஃபாரஸ்ட் கம்ப்'ல வர்ற லெப்டினன்ட் டான் கதாபாத்திரத்தை விட்டுட்டீங்களே?
- வாசகர், புதுச்சேரி

அவர் தனிப்படமா வரல, அதனால விட்டேன். ஆனா கேரி சினிஸ் அதுல வாழ்ந்திருப்பார். போர்ல ரெண்டு காலும் போன ஆளா காட்டணும்னு காலுக்கு நீலத் துணி சுத்திவிட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல அழிச்சாங்க, 1994-ல அது பெரிய வித்தை. அந்த மனுஷன் அதோட விடல, 'லெப்டினன்ட் டான் பேண்ட்'னே பேர் வச்சு ராணுவ முகாம் முகாமா போய் கிடார் வாசிக்கிறார், 2011-ல முன்னாள் வீரர்களுக்குன்னு ஒரு அறக்கட்டளையும் ஆரம்பிச்சார். நடிச்ச வேஷம் ஆளை விடாம பிடிச்சுக்கிறதுன்னா இதான் போல.

நம்ம ராணுவத்துல நாய் ரிட்டயர் ஆனா என்ன பண்ணுவாங்க?
- எட்டாம் வகுப்பு மாணவி, மதுரை

கண்ணு, உன் கேள்விக்கு உண்மையைச் சொல்லணும்னா கொஞ்சம் கஷ்டமான பதில்தான். நம்ம ராணுவ நாய்ங்களுக்கு மீரட்ல பயிற்சி. முன்னாடி எல்லாம் வேலைக்கு ஆகாதுன்னு ஆயிட்டா ஊசி போட்டுடுற வழக்கம் இங்கயும் இருந்துச்சு. 2015 வாக்குல அது வெளிய வந்து, ஜனங்க சத்தம் போட்டு, கோர்ட் வரைக்கும் போனப்புறம்தான் அது மாறுச்சு. இப்ப பராமரிக்க இடம் இருக்கு, தத்தும் கொடுக்கிறாங்க. லூலு ஜாதி நாய்ங்க நம்மகிட்டயும் இருக்கு, 2022 அக்டோபர்ல காஷ்மீர்ல அனந்த்நாக் பக்கம் தீவிரவாதிங்க பதுங்கின வீட்டுக்குள்ள போய் ரெண்டு குண்டு வாங்கி அப்புறம் ஆஸ்பத்திரியில செத்துப்போச்சே ஜூம், அதுவும் இந்த வகைதான். வயசு ரெண்டு சொச்சம். பேப்பர்ல போட்டோ பார்த்திருப்பே.

இந்தப் படத்தை எங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா? 22 வருஷ சர்வீஸ். ராத்திரி கத்திக்கிட்டு எழுந்துக்கிறார், கேட்டா ஒண்ணும் இல்லைங்கிறார், டாக்டர்னாலே கோவம் வருது. நாய்னா அவருக்கு உசுரு.
- மகன், தேனி மாவட்டம்

தம்பி, "இதைப் பாருங்கப்பா, உங்களை மாதிரியே ஒருத்தர்"னு மட்டும் சொல்லிடாதீங்க. அது காதைத் தொடுற வேலை. நாய்ப் படம்னு சொல்லுங்க, பொய்யும் இல்ல. பக்கத்துல உக்காந்து நீங்களும் பாருங்க, ஆனா அவர் மூஞ்சியைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீங்க.

அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை தனியா பார்த்துடுங்க. முக்கியமா கடைசியில இறுதிச்சடங்கு. ரோட்ரிகஸோட ஹெல்மெட்டும் பூட்ஸும் வச்சிருக்கிற இடத்துல லூலு போய்ப் படுத்துக்கும், அப்ப மரியாதைக்குத் துப்பாக்கி வெடிப்பாங்க. ஒவ்வொரு வெடிக்கும் அது நடுங்கும், பிரிக்ஸ் அதைக் கட்டிப் பிடிச்சுக்குவான். உங்கப்பாவுக்கு சத்தம் ஆகாதுன்னா அங்க டி.வி. வால்யூமைக் குறைச்சிடுங்க, ரிமோட் உங்க கையில இருக்கட்டும். மழையில இடி இடிக்கிற சீன் ஒண்ணும் அதுக்கு முன்னாடியே வரும்.

படம் பார்த்து யாரும் குணமாகப் போறதில்ல. பிரிக்ஸே படம் முடியும்போது குணமாகல, நாயை ஒப்படைச்சிட்டு வர மனசு வராம திரும்ப ஓடிப்போய் கூட்டிட்டு வர்றான், அவ்வளவுதான். அமெரிக்காவுல வருஷத்துக்கு 6,000 முன்னாள் வீரர்களுக்கு மேல தங்களையே முடிச்சுக்கிறாங்க. நம்ம ஊர்லயும் வீட்டுக்கு வீடு 'ஒண்ணும் இல்ல'ன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அதனால ரெண்டு விஷயம். அப்பாவுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், அதான் இ.சி.எச்.எஸ். கார்டு இருக்கும்ல, அந்த பாலிக்ளினிக்ல முதல்ல தூக்கம் வரலைன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, மனசு டாக்டர்ங்கிற பேச்சே எடுக்க வேணாம், அங்க இருந்து அவங்க அனுப்புவாங்க. ரெண்டாவது, 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். அதுக்கு அவர்தான் கூப்பிடணும்னு இல்ல, நீங்க கூப்பிட்டு இப்படி இருக்கார், நாங்க என்ன பண்றதுன்னு கேக்கலாம். கத்திக்கிட்டு எழுந்தா தோளைப் பிடிச்சு உலுக்காதீங்க, எட்டி நின்னு லைட்டைப் போட்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, சித்தி இதை அடி வாங்கித்தான் கத்துக்கிட்டாங்களாம்.

படம் 1 மணி 41 நிமிஷம். நைட்டு போடாதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம், ஜன்னலைத் திறந்து வச்சிட்டு போடுங்க.